2147483647: பெரிய முதன்மை எண்ணில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

கிளிநொச்சியில், தகரக் கொட்டிலுக்குள் பின்னேர வகுப்பு. பலகையில் 2147483647 என்று எழுதி, "இது முதன்மை எண்ணோ?" என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் பின்வாங்கிலிருந்து பதில் வந்தது: "ஓம் சேர். 3, 7, 11, 13 எல்லாத்தாலையும் பிரிச்சுப் பாத்திட்டன், மீதி வருது."

விடை சரி, வழி பிழை. (நாங்கள் முதன்மை எண் என்பதைத்தான் தமிழ்நாட்டில் பகா எண் என்கிறார்கள்.) அதே பிள்ளையிடம் 30031 ஐக் கொடுத்தேன். 2, 3, 5, 7, 11, 13 எதனால் பிரித்தாலும் மீதி 1. ஆனால் அது 59 × 509. பதின்மூன்றோடு கையை எடுத்தவருக்கு 59 எங்கே தெரியப்போகிறது?

சிலர் நேர்மாறு: எண்ணின் பாதி வரை பிரித்துக்கொண்டே போவார்கள். வீண் அலைச்சல். பாத்தியில் 35 பனங்கொட்டையை 5 நிரையாக வைத்தால் நிரைக்கு 7. அதையே 7 நிரை என்று எண்ணினாலும் பாத்தி மாறவில்லை, நாங்கள்தான் மற்றப் பக்கம் வந்து நிற்கிறோம். ஒரு பக்கம் வர்க்கமூலத்தைத் தாண்டினால் மற்றது அதற்குள் அடங்கியே ஆகவேண்டும். ஆகவே வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும். எங்கள் எண்ணுக்கு அது 46340. அதற்குள்ளேயே 4792 முதன்மை எண்கள் இருக்கின்றன, ஒருநாளில் முடியாது. 1772 இல் கணித மேதை ஒயிலர் இதைக் கையாலேயே முடித்தார். இதற்குக் காரணி ஒன்று இருந்தால், அதை 248 ஆல் பிரிக்க 1 அல்லது 63 தான் மீதி வரும் என்பதைப் பிடித்துக்கொண்டார். 372 பிரித்தலுக்குள் வேலை அடங்கிவிட்டது. எனக்கு விடையை விட இந்த வடிகட்டல்தான் பிடிக்கும்.

அடுத்த சறுக்கல்: இந்த எண் 2 இன் 31 ஆம் வலுவில் (31 இரண்டுகளின் பெருக்கத்தில்) 1 குறைந்தது, 31 முதன்மை, அதனால் இதுவும் முதன்மை என்பது. அப்படியென்றால் 11 ஆம் வலுவைப் பாருங்கள்: 2047 = 23 × 89. இப்படியான எண்களை ஆராய்ந்த பிரெஞ்சுத் துறவி மேர்சேனே இதில் தவறியிருக்கிறார். முதன்மை எண் தரும் வலுக்கள் என்று 1644 இல் அவர் தந்த பட்டியலில் 67 ஆம் வலுவும் இருந்தது. 1903 இல் கோல் என்பவர் அந்த வலுவில் 1 குறைந்த எண்ணை 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டினார். மறுபக்கம் மட்டும் உறுதி: வலு சேர்த்தி எண் (தமிழ்நாட்டில் பகு எண்) என்றால் வரும் எண்ணும் சேர்த்தி எண்தான். 9 ஆம் வலுவுக்கு 511 = 7 × 73.

கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளைகள் இன்னொன்று சொல்வார்கள்: 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் 32 இடம்) முழு எண்ணின் உச்சி 2147483647 ஆக இருப்பதே அது முதன்மை எண் என்பதால்தானாம். இல்லை. ஒரு பிட் சக, சய (+, −) குறிக்குப் போக மிச்சம் 31, அவ்வளவுதான். 16 பிட்டுக்கு உச்சி 32767. அது 7 × 31 × 151. பழைய கணினிக் கடிகாரங்கள் 1970 இலிருந்து செக்கன்களை எண்ணி, 2038 ஜனவரி 19 அன்று, எங்கள் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனுக்கு இந்த உச்சியைத் தொடும். அது சேர்த்தி எண்ணாக இருந்திருந்தாலும் அதே செக்கனில்தான் முட்டும்.