குளிர்கால மனச்சோர்வு: சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல்பொழுது ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிப்பதால், பகல் சுருங்கும் மாதங்களில் தலைகாட்டும் பருவகால மனச்சோர்வை நம் குடும்பங்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் வழியாகவே அறிகின்றன. டிசம்பரில் எடின்பரோவில் பகல் சுமார் 7 மணி நேரம்தான். அளவு கடந்த உறக்கம், மாவுப் பண்டங்களின் மீது அடங்காத நாட்டம், எதிலும் ஈடுபாடின்மை ஆகிய அறிகுறிகளைச் சோம்பல் என்று கடிந்துகொண்டே பெற்றோர் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிடுவதுண்டு.

ஒளிச் சிகிச்சையில்தான் தவறுகள் மிகுதி. மேசை விளக்கைக் கூடுதல் நேரம் எரியவிடுவது சிகிச்சையாகாது. அலுவலக வெளிச்சம் சில நூறு லக்ஸ் (ஒளிச்செறிவை அளக்கும் அலகு) அளவே இருக்க, இங்கே தேவைப்படுவதோ, புற ஊதாக் கதிர்களை வடிகட்டும் விளக்கிலிருந்து முகத்தை வந்தடையும் 10,000 லக்ஸ். காலையில் எழுந்தவுடன் ஏறத்தாழ 30 நிமிடம், தயாரிப்பாளர் குறிப்பிடும் தூரத்தில், கண்களைத் திறந்தபடி, ஆனால் விளக்கை உற்றுப் பார்க்காமல் அமர வேண்டும். இரவில் அமர்ந்தால் உறக்கம் கெடக்கூடும். விழித்திரை நோய் உள்ளவர்களும், ஒளியால் பாதிப்பை உண்டாக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு இவ்விளக்கே மிகையெழுச்சியை, அதாவது கட்டுக்கடங்காத உற்சாகத்தையும் பரபரப்பையும், தூண்டிவிடலாம். இணையத்தில் எளிதாக வாங்க முடிகிறது என்பதால் பலர் மறந்துவிடும் எச்சரிக்கை இது.

விடுமுறைக்கு வீடு திரும்பிய பிள்ளை தெளிவடைந்ததைக் கண்டு, நோய் நீங்கிவிட்டதாக எண்ணுவது இன்னொரு தவறு. ஜனவரியில் திரும்பிச் சென்றதும் அதே இருள் காத்திருக்கும். இடையில் சிகிச்சையைக் கைவிட்டால் அறிகுறிகள் மீண்டும் தோன்றக்கூடும். மனச்சோர்வு மருந்துகளுக்குப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அவற்றையும் தாமாக நிறுத்தக் கூடாது. வைட்டமின் டி மாத்திரை மட்டுமே போதும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பேச்சு சார்ந்த சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை நம்மவர்கள் கடைசி வழியாகக் கருதுகிறார்கள். ஆனால் அமெரிக்க ஆய்வு ஒன்றில், இரண்டு குளிர்காலங்களுக்குப் பின், ஒளிச் சிகிச்சை பெற்றவர்களைவிட இதைப் பெற்றவர்களிடையே நோய் திரும்புவது குறைவாக இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமானால், விளக்கு பலன் தரட்டும் என்று காத்திருக்காமல், அந்த நாட்டின் அவசர உதவியை நாட வேண்டும். சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் நோய் முற்றிய பிறகே மருத்துவரைத் தேடுவதும் தவிர்க்கக்கூடியது. புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்துக்குப் பருவகால மனச்சோர்வுக்காக அமெரிக்கா 2006இல் ஒப்புதல் அளித்தது, இலையுதிர் காலத்திலேயே தொடங்கித் தடுப்பதற்காகத்தான். குளிர்காலம் என்றாலே டிசம்பர் என நினைக்கும் பெற்றோர், மெல்பர்னில் அது ஜூனில் தொடங்குவதால், அங்கு படிக்கும் பிள்ளைக்கு மருத்துவர் சந்திப்பை ஏப்ரலுக்குள்ளாகவே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.