‘எனக்கு நித்திரை வரவில்லை’: இரவுக் கடமையில் விடக்கூடாத பிழைகள்

சிவராத்திரிக்கு முழித்திருந்தவர்களுக்கு நாலாம் சாமத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. முதல் இரண்டு சாமமும் பகிடியும் பிளேன்ரீயுமாய்ப் போய்விடும். விடியப்புறம் மூன்று மணி தாண்டினால், மண்டபத் தூண்களில் சாய்ந்திருக்கும் தலைகள் ஒவ்வொன்றாய்ச் சரியும். உடல் வெப்பம் ஆகக் குறைகிற நேரம் அது. எவ்வளவு பக்தி இருந்தாலும் கண் இழுக்கும். நமக்கு இது வருடத்தில் ஓர் இரவு. ஹூஸ்டனில் சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறையில் தினமும் யாரோ ஒருவர் அந்தச் சாமத்தைத் தாண்டியாக வேண்டும். யாழ்ப்பாணத்துத் தாதியருக்கும், கொழும்பு பஸ் ஓட்டுநருக்கும், என்னைப்போல் கனடா நேரத்துக்குக் கணினி முன் குந்தியிருப்பவர்களுக்கும் அதே கதைதான்.

ஆகப் பெரிய பிழை, ‘நான் சமாளிப்பேன்’ என்று தன்னைத் தானே நம்புவது. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் இரண்டு கிழமை தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுத்தவர்களின் கவனம், ஓர் இரவு முழுதும் படுக்காதவர்களின் அளவுக்கு விழுந்தது. அவர்களுக்கோ லேசான அசதி என்றுதான் தோன்றியது. களைப்பு முதலில் கெடுப்பது, களைப்பை அளக்கும் புத்தியைத்தான்.

1986 ஜனவரி 6-ஆம் திகதி நாசாவின் கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட 31 விநாடி இருக்கும்போது நிறுத்தப்பட்டது. எரிபொருள் தாங்கியிலிருந்து எட்டு தொன்னுக்கு மேல் திரவ ஒட்சிசன் தவறுதலாக வெளியே போயிருந்தது. பணியில் இருந்தவர்கள் 12 மணி நேர இரவுக் கடமையின் மூன்றாம் நாளில், பதினொரு மணி நேரமாக இருக்கையில் இருந்தவர்கள். அதே மாதம் நடந்த சலஞ்சர் விண்வெளி ஓட விபத்தை ஆராய்ந்த ஆணைக்குழு இதைத் தன் அறிக்கையில் எழுதி, களைப்பை முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

அடுத்தது தேத்தண்ணி. கண் சொருகத் தொடங்கிய பிறகு, நாலு மணிக்குக் குடிப்பதுதான் வழக்கம். குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும். ஒன்பது மணிக்குப் பாயில் புரளும்போது பாதி இன்னும் உள்ளே இருக்கும். கடமையின் முதல் பாதியிலேயே குடித்து முடித்துவிடுங்கள்.

குட்டி நித்திரையைக் களவு மாதிரிப் பார்ப்பதும் பிழை. நாசா விமானிகளுக்கு நடுவானில் 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தது. சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், பிறகு அவர்களின் விழிப்பு நன்றாகவே கூடியது. ஆனால் எழும்பிய கையோடு முக்கியமான வேலையைத் தொடாதீர்கள். அந்த மந்தம் தெளியக் கால்மணியாவது வேண்டும்.

கடமையைக் கைமாற்றும்போது அவசரம் கூடாது. ஹூஸ்டனில் பழைய ஆளும் புதிய ஆளும் ஒன்றாக இருக்கும் நேரம் அட்டவணையிலேயே உண்டு. நாங்களோ படலையடியில் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுக்கிறோம்.

முறை மாற்றும்போது காலை, மாலை, இரவு என்று முன்னோக்கியே நகர்த்த வேண்டும். பிந்திப் படுப்பது உடலுக்கு லேசு, முந்திப் படுப்பதுதான் கடினம். அதற்காகப் பிந்திக்கொண்டே போனால் உடல் பழகிவிடும் என்றும் இல்லை. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 2004-இல் அங்கே இறங்கிய இரண்டு ஊர்திகளை இயக்கியவர்கள் தினமும் 40 நிமிடம் பிந்தி வேலைக்குப் போனார்கள். ஐந்து கிழமை கொஞ்சம் தாண்டினால் இரவும் பகலும் ஒரு சுற்றுச் சுற்றிவரும். வீட்டாரோ பூமி நேரத்தில். 2008-இல் செவ்வாயில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலத்தை இயக்கிய குழுவினருக்கு உடல் மணிக்கூட்டைத் திருத்த நீல வெளிச்சம் கொடுத்துப் பார்த்தார்கள்.

இங்கே பிரச்சினை எதிர்மாறு: காலை வெயில். கறுப்புக் கண்ணாடி போட்டு வீடு வாருங்கள், ஜன்னலுக்குத் தடித்த துணி போடுங்கள். பகல் படுக்கையைச் சோம்பலென்று சொல்லும் அம்மாக்களோடு ஒருநாள் இருந்து பொறுமையாகக் கதையுங்கள். என் அம்மாவே இப்போது படலையில் ‘இரண்டு மணிவரை கூப்பிட வேண்டாம்’ என்று ஒரு மட்டை கட்டியிருக்கிறார். பாண்காரரின் ஓட்டோப் பாட்டுக்குத்தான் வாசிக்கத் தெரியாது.