டிசம்பர் லீவில் கிடா வெட்டுக்குப் போகிறவர்களுக்கு

டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஊருக்குப் போய், குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்து, காது குத்தி, கிடா வெட்டிவிட்டு வருவது சிங்கப்பூரில் நம்மில் பலர் வீட்டு வழக்கம். நான் இங்கே ஒரு விலங்கு கிளினிக்கில் நர்ஸ். கிளம்புவதற்கு முன் சொந்தக்காரர்கள் போன் போட்டு, "அங்கே பிள்ளைகளை நாய் தொட விடலாமா?" என்று கேட்பார்கள். தொடலாம், கையை சோப்புப் போட்டுக் கழுவினால். ஆனால் அந்த நாய் என்ன தின்கிறது என்று முதலில் பாருங்கள்.

எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு நாயின் குடலில் இருக்கும். நீளம் சில மில்லிமீட்டர்தான். அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வந்து புல்லிலும் மண்ணிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும். மேயும் ஆட்டுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாக வளரும். அதைப் பச்சையாகத் தின்ற நாய்க்கு மறுபடி புழு. நாயைத் தடவிய கையோடு முறுக்கு எடுத்துச் சாப்பிடும் குழந்தைக்கும் ஆட்டுக்கு வருகிற அதே கட்டி வரலாம். பல வருடம் ஒரு தொந்தரவும் தெரியாது.

ஆகவே கிடா உரிக்கும் இடத்தில் நில்லுங்கள். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் துண்டு போட்டு வாங்கிப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான், பரவாயில்லை. ஈரலையும் நுரையீரலையும் பாருங்கள். வெளுத்த தோலோடு, உள்ளே தெளிந்த நீரோடு, கோலிக்குண்டு அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ புடைப்பு இருந்தால் கத்தியால் குத்தாதீர்கள். அந்த உறுப்பை முழுசாக எரித்துவிடுங்கள். முடியாவிட்டால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்து மேலே கல் வையுங்கள். கட்டி கண்ணில் படாவிட்டாலும் பச்சை ஈரல், நுரையீரல் நாய்க்குக் கூடாது; உள்ளே சின்னதாக ஒளிந்திருப்பது வெளியே தெரியாது. போட்டே ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு போடுங்கள்.

பெரியவர்களிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டம். "சிங்கப்பூர்லேருந்து வந்து எங்களுக்கே சொல்லித் தர்றியா?" என்பார்கள். நான் தடுத்துப் பேசுவதில்லை. "பெரியப்பா, நாய்க்கு நானே சோறு போட்டுக்கிறேன், கழிவை என்கிட்ட குடுத்துடுங்க" என்று வேலையைக் கையில் வாங்கிக்கொள்வேன். அவர்களுக்கும் ஒரு வேலை மிச்சம்.

வீட்டு நாய்க்கு கால்நடை மருத்துவரிடம் எடை சொல்லி பிராசிகுவான்டெல் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம். அது புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் அடுத்த இரண்டு நாள் நாயைக் கட்டிப்போட்டு, மலத்தைக் கையுறை போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

பன்றி நாடாப்புழு விஷயத்தில் சைவக் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன. இருக்கக்கூடாது. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் புழு வரும், அது உண்மை. ஆனால் அந்தப் புழுவால் மூளையில் நீர்க்கட்டி வருவது வேறு வழியில்: குடலில் அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்திலிருக்கும் முட்டை, கழுவாத கை வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ வாய்க்குள் போவதால். இந்தப் புழு பரவலாக உள்ள பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொத்தமல்லி, வெள்ளரி எல்லாவற்றையும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சமைப்பவர் யாராக இருந்தாலும் சோப்பு வேண்டும். வலிப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் நாடாப்புழு மாத்திரை போடவே கூடாது. மூளையில் கட்டி இருந்தால், மாத்திரையே வலிப்பைக் கிளப்பிவிடும்.

அப்புறம் செருப்பு. மணலில் வெறுங்காலோடு ஓடினால் நாயின் கொக்கிப்புழு தோலுக்குள் புகுந்து, அரிப்போடு வளைந்து வளைந்து கோடு போடும். நாய்க்குட்டி இருக்கும் வீட்டில் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். அதிலுள்ள உருண்டைப்புழு முட்டை நோய் பரப்பும் நிலைக்கு வர, மண்ணில் சில வாரம் ஆகும்.

திரும்பி வந்து எத்தனை வருடம் ஆனாலும், ஸ்கேனில் ஈரலில் நீர்க்கட்டி தெரிந்தால், ஊரில் நாய், ஆடுகளோடு இருந்ததை பாலிகிளினிக் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஊசி குத்தி நீர் எடுப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிய வேண்டும். கட்டி கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், வயிற்றுக்குள் புதிதாகக் கட்டிகளும் முளைக்கலாம்.