பொங்கோல் மட்டும் ஏன் ஒட்டவில்லை?

மூத்தோர் தனிமை பற்றிய ஆய்வு. 36 நேர்காணல் எழுத்துப்படிகள் ஒருபக்கம், அதே 36 பேரின் கருத்தாய்வு மதிப்பெண்கள் எக்செல்லில் மறுபக்கம். ஆவணப் பெயரை வைத்து, நேர்காணல்களைப் பகுத்தாயும் மென்பொருள் இரண்டையும் இணைக்க வேண்டும். ஈசூன், உட்லண்ட்ஸ் எனச் சிங்கப்பூர் வட்டாரப் பெயர் வைத்த ஆவணங்கள் எல்லாம் சேர்ந்தன. பொங்கோல், தோ பாயோ ஆவணங்களில் மட்டும் வயது, மதிப்பெண் கட்டங்கள் காலி. பிழைச்செய்தியும் இல்லை.

இடைவெளிகளை நீக்கினேன். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் மீண்டும் சேமித்தேன். மென்பொருளையே அழித்து மறுபடி நிறுவினேன். எக்செல்லில் பெயர்களைப் புதிதாகத் தட்டச்சு செய்தும் பார்த்தேன். மூன்று நாள் போனது.

பிறகு இரு பக்கப் பெயர்களையும் அருகருகே ஒட்டி, எழுத்துக்குறிகளை எண்ணும் 'லென்' சூத்திரம் போட்டேன். ஒரு 'பொங்கோல்' 8, இன்னொரு 'பொங்கோல்' 10! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் யூனிகோட்டில் 'பொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் வைக்கலாம். தோழியின் கணினியிலிருந்து வந்த கோப்புப் பெயர்கள் இரண்டாவது வகை. ஒகர, ஓகாரக் குறியே இல்லாத ஈசூன் தப்பித்தது அதனால்தான்.

பைத்தான் நிரலில் இரு பக்கப் பெயர்களையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றி மறுபடி ஏற்றினேன். 36ம் ஒட்டின. அப்பாடா! எழுத்துப்படிகளின் உள்ளேயும் இதே மாற்றத்தைச் செய்தேன்; இல்லையென்றால் 'போன்' என்று தேடினால் பாதி வராது. எழுத்துப்படிகளைக் கருப்பொருள் வாரியாகக் குறியிடத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.