இரண்டு குட்டி டென்ட்ரோபியம்: சேர்த்து வளர்த்து ஒப்பிடும் முறை

கடையில் கிடைக்கும் ஆர்க்கிட்களான ஊதா டென்ட்ரோபியமும் வெள்ளை ஃபெலனாப்சிஸும் பெரும்பாலும் கலப்பினங்கள். காட்டில் இருப்பது போலவே ஓர் ஆர்க்கிட் இனத்தை வளர்க்க ஆசை என்றால், உள்ளங்கை அளவில் தொடங்க இரண்டைச் சொல்வேன்: டென்ட்ரோபியம் லிண்ட்லேயி, டென்ட்ரோபியம் ஜென்கின்ஸி. வடகிழக்கு இந்தியா, மியான்மர், தாய்லாந்து, தென்சீனா என இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தாயகம். பூவும் இரண்டிலும் மஞ்சள்தான். பூக்காதபோது அண்ணன் தம்பி மாதிரி குழப்பும்.

வாங்கும்போது

லிண்ட்லேயியைப் பல நர்சரிகள் இன்னும் 'அக்ரிகேட்டம்' என்ற பழைய பெயரில் விற்கின்றன. வேறு செடி என்று நினைத்து இரண்டாவது முறை காசு கொடுக்காதீர்கள். காட்டிலிருந்து பிடுங்கி வந்ததையும் தவிர்த்துவிடுங்கள். ஆர்க்கிட் வணிகத்தைக் கட்டுப்படுத்த சைட்டீஸ் (CITES) என்ற சர்வதேச ஒப்பந்தம் இருப்பது ஒருபுறம்; அப்படி வரும் செடியில் பாதி வேர் அறுந்திருக்கும் என்பது மறுபுறம். நர்சரியிலேயே பெருக்கிய செடியா என்று கேட்டு வாங்குங்கள்.

கட்டையில் கட்டுவது

தொட்டியும் மண்ணும் வேண்டாம். பட்டை உரியாத கெட்டியான மரத்துண்டு அல்லது தேக்குப் பலகை போதும். செடிக்கு அடியில் மெல்லிசாகக் கொஞ்சம் தேங்காய் நார் வைத்து, மீன்பிடி நரம்பால் அசையாமல் கட்டுங்கள். ஆடினால் புது வேர் நுனி உரசிக் கருகும். ஒப்பிடுவதற்காக வளர்ப்பதால் இரண்டுக்கும் ஒரே வகைக் கட்டை, ஒரே அளவு நார், பக்கத்துப் பக்கத்து ஆணி. இல்லாவிட்டால் வித்தியாசம் செடியுடையதா, பராமரிப்புடையதா என்று தெரியாது.

கிழக்குப் பார்த்த பால்கனி நல்ல இடம். மொட்டைமாடி என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

தண்ணீர்

வேரைப் பாருங்கள், அதுவே சொல்லும். காய்ந்த வேர் வெள்ளியாக வெளுத்திருக்கும், நனைந்ததும் பச்சையாகும். புதுத் தளிர் வளரும் கோடையிலும் ஆடி, ஆவணியிலும் காலையில் தினமும் நன்றாக நனைத்து, மறுபடி வெளுக்க விடுங்கள். வாரம் ஒருமுறை 20-20-20 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

பூக்க வைப்பது

நம் ஊரில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். அசாம் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிட்டு, குளிர்காலம் வறண்டு கிடக்கும். அந்த வறட்சியும் குளிர்ந்த இரவும் வந்துபோனால்தான் இந்தச் செடிகள் மொட்டு வைக்கும். நமக்கோ, குறிப்பாகக் கடலோரத்தில், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை அடிக்கிறது. செடி ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் குளிப்பாட்டினால் இலைதான் வரும்.

அதனால் நவம்பர் பிறந்ததும் இரண்டு கட்டைகளையும் மழை படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள கூரைக்கடியில் மாட்டுங்கள். உரத்தை நிறுத்துங்கள். தண்டுகள் சுருங்கும், பயப்படாதீர்கள், அது வழக்கம்தான். ரொம்பச் சுருங்கினால் மட்டும் காலையில் லேசாகத் தெளிக்கலாம். ஜென்கின்ஸியின் தண்டு சிறியது, அதில் தண்ணீர்ச் சேமிப்பும் குறைவு என்பதால் அதற்கு இந்தத் தெளிப்பு கொஞ்சம் அடிக்கடி தேவைப்படும். பழைய தண்டுகளை வெட்டவே வேண்டாம், அவற்றிலிருந்தும் பூங்கொத்து வரும். மொட்டு நன்றாகத் தெரிந்த பிறகு தண்ணீரை மெல்லக் கூட்டுங்கள். ஏற்காடு, கோவை மாதிரி இரவு குளிரும் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. சென்னைக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும்.

ஒப்பிடுவது

ஒரு ஸ்கேலும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜென்கின்ஸியின் இலை 1 முதல் 3 சென்டிமீட்டர்தான். லிண்ட்லேயிக்கு 8 வரை போகும். ஆனால் இளம் லிண்ட்லேயியின் இலையும் குட்டிதான், எனவே இலையை மட்டும் நம்பி முடிவுகட்ட முடியாது. பூங்கொத்துதான் சாட்சி. லிண்ட்லேயியில் நீளமாகத் தொங்கும் காம்பில் பத்துப் பூ வரைகூட, சில சமயம் அதற்கு மேலும் வரும். ஜென்கின்ஸியில் குட்டைக் காம்பில் ஒன்று முதல் மூன்று, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னச் செடியில் அந்தப் பூவைப் பார்த்தால் செடியே மறைந்துவிடும். எனக்கு அதுதான் அழகு.

தளிர் வந்த தேதி, மொட்டு தெரிந்த தேதி, பூ வாடிய தேதி மூன்றையும் இரண்டுக்கும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். இரண்டாம் வருடம் எதற்குத் தண்ணீரை எப்போது குறைப்பது என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.