பெயரைப் பார்த்துக் கேட்ட கடிதமும், வேலையைப் பார்த்து வந்த கடிதமும்

சட்ட முதுகலைப் படிப்புக்கு முதன்முறை விண்ணப்பித்தபோது, பெயருக்கு இருக்கும் கனம் கடிதத்துக்கும் வந்துவிடும் என்று நம்பி, ஒரே ஒரு கருத்தரங்கில் என்னைச் சந்தித்திருந்த மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, நீங்களே எழுதி அனுப்புங்கள், கையெழுத்திடுகிறேன் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் எழுத்தில் ஒரு பக்கத்தைக்கூட அவர் படித்ததில்லை என்பதால், கடிதத்தில் 'கடின உழைப்பாளி' என்பதைத் தாண்டி எதுவும் இருக்கவில்லை. இடமும் கிடைக்கவில்லை.

மறு ஆண்டு, ஒப்பந்தச் சட்டம் குறித்த என் ஆய்வுக் கட்டுரையை மூன்று முறை திருப்பிக் கொடுத்து, 'இந்தத் தீர்ப்பு உமது வாதத்துக்கே எதிரானது, மறுபடி படிக்கவும்' என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிய உதவிப் பேராசிரியரை அணுகினேன். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே அக்கட்டுரையின் முதல் வடிவத்தையும் இறுதி வடிவத்தையும், இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறேன் என்று விளக்கும் நோக்க அறிக்கையையும் கொடுத்து, உறுதியாகப் பரிந்துரைக்க இயலுமா என்று வெளிப்படையாகக் கேட்டேன். (இதுதான் மிகவும் சங்கடமான கேள்வி.) இரண்டாவது கடிதத்தை, நான் வரைந்த மனுக்களைத் தினமும் திருத்திய அலுவலக சீனியர் வழக்கறிஞர் எழுதினார். கடிதத்தைப் பதிவேற்றுவதற்கான இணைய இணைப்பு அவருடைய ஸ்பேமில் கிடந்ததால், கடைசி வாரத்தில் ஒருமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது.