எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைத் துடைத்துப் பராமரிக்கும் முறை

பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் துப்பாக்கியை மாதிரியாகக் கொண்டு மேற்கு வங்கத்தின் இச்சாபூர் தொழிற்சாலையில் உருவான 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள்), ராணுவத்தில் இன்சாஸ் என்ற புதிய துப்பாக்கி வந்த பிறகும் காவலர்களின் கைகளில் நீடித்தது. உறுதியான ஆயுதம்தான், ஆனால் சுடும்போது வரும் வாயுவால் இயங்கும் அதன் பிஸ்டனை அழுக்காக விட்டால் அது பொறுத்துக்கொள்ளாது.

முதலில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றுங்கள். பின்னர் தோட்டாவை ஏற்ற இழுக்கும் காக்கிங் ஹேண்டிலை இருமுறை இழுத்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணால் பார்த்ததோடு நில்லாமல் சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பாருங்கள். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

பின்புற லீவரைத் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடிந்து திறக்கும்; சேம்பரின் பின்வாயை அடைக்கும் பிரீச் பிளாக்கை, அதைத் தாங்கி நகரும் கேரியரோடு பின்பக்கமாக உருவிவிடலாம். இப்போது குழலின் பின்வாய் திறந்திருப்பதால், குழலைத் துடைக்கும் கயிறான புல் த்ரூவின் எடைக்கட்டியைச் சேம்பர் வழியாக இறக்கி, ஃபிளானல் துண்டை முன்வாய் வழியாக ஒரே இழுப்பில் நேராக இழுக்க வேண்டும். கயிறு முன்வாயின் விளிம்பில் உரசினால் அவ்விடம் நாளடைவில் தேய்ந்து, குறி தவறத் தொடங்கும். துணி வெள்ளையாக வெளிவரும்வரை துண்டுகளை மாற்றிக்கொண்டே இருங்கள்.

அடுத்தது, பிஸ்டன் இருக்கும் வாயுக் குழாயின் முன்பக்க மூடியான கேஸ் பிளக். அதன் பொத்தானை அழுத்திக் கால் சுற்று திருப்பும்போது கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் ஸ்பிரிங் பிளக்கை வெளியே தள்ளும். பிஸ்டனின் தலையில் அடுப்புக்கரி போல இறுகிய கறுப்புப் படலம் இருக்கும். அதை எண்ணெய்த் துணியால் தேய்த்து எடுத்தபின், சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில், பளபளப்பாக இருக்கட்டும் என்று நான் பிஸ்டனில் எண்ணெய் தடவிவந்தேன். அது வெப்பத்தில் கருகிப் படிந்து, ஒருநாள் ரேஞ்சில் காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கிக்கொண்டது. அப்படிச் சிக்கும்போது வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருப்பி அழுத்தத்தைக் கூட்டுவது பலரின் வழக்கம். அதனால் உதைப்பும் தேய்மானமும் கூடுமே தவிர அழுக்கு போகாது. பிளக்கை மாற்றித் திருப்பிப் பொருத்தினால் வாயு அடைபட்டு, ஒவ்வொரு ரவைக்கும் கையால் காக் செய்ய நேரும்.

பிரீச் பிளாக்கும் கேரியரும் உரசும் இடங்களில் மட்டும் விரல் நுனியால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். மழையிலோ கடற்கரையிலோ பணி முடித்து வந்தால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். துரு காலைவரை காத்திருக்காது. கிடங்கில் வைக்கும்போது குழலுக்குள் எண்ணெய் பூசியிருந்தால், சுடப் போகும் முன் குழலையும் சேம்பரையும் உலரத் துடைக்க மறக்காதீர்கள்.

கடைசியாக எல்லாவற்றையும் பொருத்தி, மேகசின் இல்லாமல் காக் செய்து, பாதுகாப்பான திசை நோக்கி டிரிகரை அழுத்திப் பார்த்த பிறகே ஆயுதக் கிடங்கில் ஒப்படையுங்கள்.